பரோலோ வாங்கும்போது ஊர்ப் பெயரையும் பாருங்கள்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்பா நகரையொட்டிய லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே பரோலோ ஒயின் செய்வார்கள். சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். லேபிளில் 'ரிசர்வா' என்றிருந்தால் மொத்தம் 62 மாதம் முதிர்ந்தது.

லேபிளில் லா மோர்ரா என்ற ஊர்ப் பெயர் இருந்தால் பொதுவாக மென்மையாக, மணம் தூக்கலாக இருக்கும், சீக்கிரமே திறக்கலாம். செர்ராலுங்கா தால்பா என்றால் துவர்ப்பு அதிகம். அறுவடை ஆண்டிலிருந்து பத்து வருடமாவது பொறுப்பது நல்லது.

கிளாஸில் ஊற்றியதும் நிறம் வெளிறி, ஓரம் செங்கல் நிறமாகத் தெரியும். நீர்த்துப்போன சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தத் திராட்சையின் இயல்பே அதுதான். ஒரு வாய் குடித்தால், ரொம்ப நேரம் கொதித்த டீயைப்போல ஈறு வரை இழுத்துப் பிடிக்கும். அதனால் இளம் பாட்டிலென்றால் அகன்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட வையுங்கள். துவர்ப்பு தணிந்து ரோஜா வாசனை மேலே வரும், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது.

அப்புறம், 18 டிகிரிக்கு மேல் சூடேற விடாதீர்கள்; ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.