டிஸ்லெக்சியா பயிற்சி வகுப்பில் சேர்பவர்கள் செய்யும் தவறுகள்

வாசிப்பதில் தொடர்ந்து தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடுதான் டிஸ்லெக்சியா. அது உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்காக நடந்த, நான் முதன்முதலில் கலந்துகொண்ட பயிற்சியில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துகள் இடம் மாறியும் தலைகீழாகவும் அச்சாகியிருந்தன. திக்கினோம், சிரித்தோம். ஓர் ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் குழந்தைகளுக்கு எழுத்து இப்படித்தான் தெரியும்" என்றார் பயிற்சியாளர். நானும் உருகிப்போய், அடுத்த சில மாதங்களுக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டு திரிந்தேன். அது பிழை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் எத்தனை பெற்றோரைக் குழப்பினேனோ, கணக்கில்லை.

டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலோரின் கண்ணுக்கு எழுத்து ஒழுங்காகத்தான் தெரிகிறது. கேட்கும் சொல்லை ஒலிகளாகப் பிரித்துப் பிடிப்பதிலும், அந்த ஒலியை அதற்குரிய எழுத்தோடு சட்டென்று சேர்ப்பதிலும்தான் முடிச்சு விழுகிறது. எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதுவது, எழுதப் பழகத் தொடங்கும் எந்தக் குழந்தையும் செய்யக்கூடியது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

கண்மீது பழி விழுந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய ருடால்ஃப் பெர்லின் ஒரு ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியபோது அதற்கு வைத்த பெயர் 'பிறவிச் சொற்குருடு'. ஆனால் அதே கட்டுரையில் வேறொரு செய்தியும் இருக்கிறது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்த ஆசிரியரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே வகுப்பில் சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் அதில் தீர்வாக இருந்தால் பணத்தைக் கட்ட வேண்டாம். இவை டிஸ்லெக்சியாவுக்குப் பயன்படுகின்றன என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. சிறப்பு எழுத்துருக்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூடினால் சிலருக்கு வாசிக்க எளிதாகிறது. அந்த இடைவெளியைச் சாதாரண எழுத்துருவிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய வகுப்பின் இன்னொரு அடையாளம், 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்' என்று மாணவர்களை வகைபிரிக்கும் பகுதி. கற்பவரின் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் வெளியான விரிவான மறுஆய்வு காட்டியது. ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை எழுதிப் பார்ப்பது வேறு. அது எல்லா மாணவர்க்கும் பொதுவான பயிற்சி, ஆளை வகைபிரிக்கும் வேலை அன்று. ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்று தொடங்கும் படக்காட்சிகளைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கு அப்படி இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. இருந்திருந்தாலும், நாளைக் காலை ஒரு பத்தியை வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவர் என்ன செய்துவிடப் போகிறார்?

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, விழிப்புணர்வு வகுப்பையும் கற்பிக்கும் பயிற்சியையும் ஒன்றென்று நினைப்பது. ஒருநாள் வகுப்பு கெட்டதில்லை. திட்டுவதை நிறுத்தவும், 'சோம்பேறி' என்ற சொல்லை நாவிலிருந்து எடுக்கவும் அது போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திறன் அதில் வராது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980இல் அதன் படிகளை வரிசைப்படுத்தினார்கள்: கருத்தைச் சொல்வது, செய்து காட்டுவது, செய்து பழகுவது, பழகியதைத் திருத்துவது, பின்னர் வகுப்பறைக்கே வந்து துணை நிற்பது. பெரும்பாலான வகுப்புகள் முதல் இரண்டோடு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. வகுப்பறையில் பழக்கம் மாறுவதோ கடைசிப் படியை நம்பித்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது "நான் பாடம் நடத்துவதை யாராவது பார்த்துத் திருத்துவார்களா? எத்தனை முறை?" என்று கேளுங்கள். பதிலுக்குப் பதிலாகச் சான்றிதழின் வடிவமைப்பைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்ளலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வேறொரு ஆபத்து தொடங்குகிறது. கண்ணில் படுகிற பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா முத்திரை குத்தத் தோன்றும். எனக்கும் தோன்றியது, உறவினர் வீட்டு விசேஷத்தில் ஒரு சிறுவனின் கையெழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வகுப்பில் தரும் அடையாளப் பட்டியல், 'இந்தப் பிள்ளையை மேற்கொண்டு கவனியுங்கள்' என்று சொல்வதற்கு மட்டுமே. மதிப்பீடு செய்வது அதற்கென்று படித்த உளவியலாளர் போன்றோரின் வேலை. மனநலக் கோளாறுகளை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, சிக்கலுக்கேற்ற உதவி கிடைத்த பின்னும் குறைந்தது 6 மாதம் அந்தச் சிக்கல் நீடித்திருக்க வேண்டும். பார்வைக் குறைவு, கேட்டல் குறைவு, கற்பிக்கும் மொழி தெரியாமை, சரியான கற்பித்தல் கிடைக்காமை ஆகியவையே காரணமாக இருந்துவிடக் கூடாது. கவனக்குறைபாடும் கணக்கில் தடுமாற்றமும் கூடவே இருக்கக்கூடும் என்பதால், அரைகுறையாகப் பெயர் சூட்டினால் இன்னொன்று மறைந்துபோகும். 'அறிவுத்திறன் எண்ணுக்கும் வாசிப்புத் திறனுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்சியா' என்ற பழைய அளவுகோலையும் அந்தக் கையேடு கைவிட்டுவிட்டது. இன்னமும் அதைச் சொல்லித்தரும் வகுப்பு பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது என்று பொருள்.

முறையின் பெயரை நம்பி மட்டும் போவதும் சரியில்லை. இந்தத் துறையில், வாசிப்பைக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறைக்கு நெடுநாள் மதிப்பு உண்டு. 1930களில் தொடங்கிய மரபு அது. ஆனால் 2021இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்றக் கற்பித்தல்களைவிட அது உறுதியாக மேம்பட்டது என்று புள்ளியியல் ரீதியாகக் காட்ட முடியவில்லை. அந்த முறை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒலி-எழுத்து உறவை ஒளிவுமறைவின்றி நேரடியாகச் சொல்லித்தருவது, எளியதிலிருந்து அரியதற்கு வரிசையாகப் போவது, பழையதைத் திரும்பத் திரும்பத் தொட்டுவருவது, நிலைத்ததா என்று அடிக்கடி சோதிப்பது: இந்த நான்கும் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழில் கற்பிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கிடைக்கும் பயிற்சிப் பொருள்களில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு முறுக்கிக்கொண்டு கிடப்பதால், அங்கே பிழைகள் கொட்டும். எழுத்தும் ஒலியும் நெருங்கியிருக்கும் மொழிகளில் பிழை குறைந்து, வேகமின்மை முன்னுக்கு வரும். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி மொழி வாசகர்களை ஒப்பிட்டு 2001இல் வெளியான மூளைப்பட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ள மூவகையினரின் மூளைச் செயல்பாடும் ஒத்திருந்தது. எழுத்தும் ஒலியும் நெருங்கிய மொழியைப் பேசும் இத்தாலியர்களோ வாசிப்பில் தங்கள் பிழையை அதிகம் காட்டிக்கொள்ளவில்லை. தமிழிலும் மாணவர் சரியாகவே வாசிக்கிறார், ஆனால் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகிறது என்றால், பிழைப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆசிரியர் அவரைக் கோட்டைவிடுவார். நமக்கென்று வேறு சிக்கல்களும் உள்ளன. எழுத்துகள் 247. கொம்பு, எழுதும்போது மெய்க்கு முன்னால் நிற்கும். ஒலிக்கும்போது பின்னால் வரும். 'கடல்', 'தங்கம்', 'முகம்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றை வரிசைப்படுத்தித் தராத வகுப்பை மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் பயன் குறைவுதான்.

வகுப்பு முடிந்தபின் கற்றதை ஒரே நாளில் கொட்டிவிட நினைப்பதும் உண்டு. ஒரு மாணவர், ஒரு திறன், ஒரு குறிப்பேடு என்று தொடங்கினால் போதும். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசித்தார் என்று வாரந்தோறும் குறித்துவாருங்கள். சில வாரங்களாகியும் எண்ணிக்கை கூடவில்லை என்றால் மாற்ற வேண்டியது கற்பிக்கும் விதத்தை. சலுகையையும் கற்பித்தலையும் எதிரெதிரே நிறுத்தவும் வேண்டாம். கூடுதல் நேரமும் உரையை வாசித்துக்காட்டும் செயலியும் இன்றைய பாடத்தைக் காப்பாற்றும்; இன்று தரும் எழுத்துப் பயிற்சி அடுத்த ஆண்டுப் பாடத்துக்குக் கைகொடுக்கும். இரண்டும் வேண்டும்.

பெரியவர்களைப் பெரும்பாலான வகுப்புகள் மறந்தே போகின்றன. உடன் பணிபுரிந்த ஒருவர் தமக்கு டிஸ்லெக்சியா இருப்பதாக என்னிடம் சொன்னபோது, நான் படித்த அத்தனையையும் அவர் மேசையில் இறக்கினேன்: வண்ணத்தாள், பெரிய எழுத்து, தனி எழுத்துரு, வாசிக்கும் கோல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கூட்டத்தில் பேசப்போகும் அறிக்கையை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அங்கே வைத்து என்னை உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்" என்றார். அதைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.