மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு: நீதிமன்றப் படியில் சறுக்கும் இடங்கள்

கையொப்பம் விடுபடுவது, அடையாள அட்டைப் பிரதியை மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. போன கிழமை ஒரு கனிஷ்ட சட்டத்தரணி கிண்ணியா வழக்கொன்றின் கோவையோடு வந்தார். முதல் பக்கமே புதிதாய் எடுத்த ஸ்கேன் அறிக்கை. எனக்கு எரிச்சல் வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கோவை கட்டினேன்.

புதுச் சான்றிதழ் தேடி ஓடுவது

எழுத்தாணை மனுவில், அதாவது அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ கேட்கும் மனுவில், நீதிமன்றம் உங்கள் கட்சிக்காரரின் இயலாமையை அளப்பதில்லை. மறுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, முறைப்படி நடந்தாரா, தன் முன்னால் இருந்த ஆவணங்களைப் பார்த்தாரா, நியாயபுத்தியுள்ள எவரும் எடுக்காத முடிவை எடுத்தாரா என்றுதான் பார்க்கும்.

மூதூரில் பாரிசவாதத்தில் விழுந்த ஒரு கடற்றொழிலாளி. கொடுப்பனவு மறுக்கப்பட்டதும் அவர் மனைவியிடம், "அக்கா, கண்டிக்குப் போய் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். காப்பை அடகு வைத்துப் போனார். அறிக்கையும் நிபுணரின் கடிதமும் வந்துசேர நாலு மாதம். நீதிமன்றத்தில் முதல் கேள்வி: "இந்த அறிக்கை உத்தியோகத்தரிடம் இருந்ததா?" இல்லை. அடுத்தது: "ஏன் இவ்வளவு தாமதம்?" வாய் திறக்க முடியவில்லை. எழுத்தாணைக்கு நாள் கணக்கு இல்லைதான்; காரணம் சொல்ல முடியாத தாமதமே மனுவைக் கவிழ்த்துவிடும்.

வயிற்றெரிச்சல் பிறகுதான். மறுப்புக் கடிதத்தில் "மருத்துவ ஆவணம் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று இருந்தது. அதே அலுவலகம் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்ட வைத்தியக் கடிதத்தின் பிரதியோ தொடக்கத்திலிருந்தே என் கோவையில் கிடந்தது. வழக்கே அந்த ஒற்றைத் தாளில்தான். நான் புரட்டிப் பார்க்கவில்லை.

புதுச் சான்றிதழை அலுவலகத்துக்கே மேன்முறையீடு செய்யும்போதோ திரும்ப விண்ணப்பிக்கும்போதோ கொடுங்கள். நீதிமன்றத்துக்கு வேண்டியது மறுத்தவரின் கோவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். உத்தியோகத்தர்கள் கோவைக்குள் தமக்குள்ளே குறிப்பெழுதும் உட்குறிப்புத் தாள்களையும் கேளுங்கள். உண்மையான காரணம் பல நேரம் அங்கேதான், பேனையால் கிறுக்கியபடி இருக்கும்.

ஒரு மாதம்

அடிப்படை உரிமை மனுவென்றால் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விசாரணை நிலுவையிலுள்ள காலத்தைக் கழித்துவிடும். முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நீட்டினால் எடுபடாது. விசாரணை நடந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

எம்.பி.க்குக் கடிதம்

எழுதுங்கள். மாதம் அதற்காக நிற்காது.

எந்த மன்றம்?

திருகோணமலையிலேயே போட்டால் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டாம் என்ற ஆசை புரிகிறது. மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபை நிரலிலுள்ள, அதாவது அரசியலமைப்பு மாகாணங்களுக்கு ஒதுக்கிய பட்டியலிலுள்ள, விடயங்களோடு நின்றுவிடும். இயலாதோருக்கான நிவாரணம் அந்த நிரலில் இருக்கிறது என்பதற்காக எல்லாக் கொடுப்பனவும் அதற்குள் அடங்காது. எந்தச் சட்டத்தின் கீழ் மறுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். நிரலுக்கு வெளியே என்றால் கொழும்பு புதுக்கடைதான், மேன்முறையீட்டு நீதிமன்றம்.

வாய்மொழி மறுப்பு

எழுத்தில் கேளுங்கள். அன்றைக்கே.

கிண்ணியாக் கோவையில் ஸ்கேனை எடுத்து ஓரமாய் வைத்தோம். அடியில் மறுப்புக் கடிதம். திகதியை எண்ணினோம்: 22 நாள் போயிருந்தது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவிடாமல் ஆளை ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்பினேன்.