கூட்டம் வருமுன் சர்வரைத் தயார் செய்ய

நாளைக் காலை 10 மணிக்குச் சர்வரில் எவ்வளவு சுமை ஏறும் என்று கணிக்க, எடுத்த எடுப்பிலேயே பெரிய மாடல் எதுவும் வேண்டாம். போன வாரம் இதே கிழமை, இதே நேரத்து லாக்கை, அதாவது சர்வரின் பதிவைப் பாருங்கள். பல தளங்களுக்கு அதுவே போதுமான கணிப்பு. விடுமுறை நாள் மட்டும் காலை வாரிவிடும்.

அப்புறம் ஒரு பெருக்கல். விநாடிக்கு 200 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 0.25 விநாடி என்றால், சராசரியாக 50 கோரிக்கைகள் எப்போதும் உள்ளே இருக்கும். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கும் லிட்டில் விதி இதுதான். ஒரு சர்வர் ஒரே நேரத்தில் 10 தாங்கும் என்றால் 5 சர்வர் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். நான் 7 வைப்பேன். முழுக்கொள்ளளவை நெருங்கும்போது வரிசை மளமளவென்று நீளும்.

கோரிக்கைக்குக் கோரிக்கை நேரம் ரொம்ப மாறினால், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரில், முறைவைத்து ஒவ்வொரு சர்வராக அனுப்பும் ரவுண்ட் ராபினை விட்டுவிட்டு, குறைந்த இணைப்புள்ள சர்வருக்கு அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள்.