ஒரே பெயர், ஒரே ஊர், வேறு ஆள்: வம்சாவளி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே யார் என்று தேடப் புறப்படுகிறவர்கள் இன்று நிறையப் பேர். பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறக்கிறார்கள், பத்திரங்களைப் படமெடுக்கிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரிடம் பேசுகிறார்கள், சீக்கிரமே ஏழு தலைமுறை வரைந்து முடித்துவிடுகிறார்கள். அந்த வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தால் நடுவில் இரண்டு தலைமுறையைக் காணோம். அல்லது பங்காளி வீட்டுக் கிளை ஒன்று சொந்தக் கிளையாக ஒட்டியிருக்கிறது. எழுத்துப்பிழை, தேதி மாறியது போன்றவற்றை யாரும் தாமே திருத்திக்கொள்ளலாம். பார்க்கும்போது சரியாகவே தெரிகிற தவறுகள்தான் ஆபத்து.

மேலிருந்து கீழே இறங்குவது

கல்வெட்டில் பெயர் வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து உங்கள் வீட்டுக்கு வழி போடாதீர்கள். உங்களிலிருந்து அப்பா, அப்பாவிலிருந்து தாத்தா என்று ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணமாவது வேண்டும்.

பெயரும் தகப்பனார் பெயரும் பொருந்தியதும் ஆளை முடிவு செய்வது

இந்த ஒரு தவறு கெடுக்கும் அளவுக்கு வேறெதுவும் கெடுப்பதில்லை. எத்தனை முறை எச்சரித்தாலும் புதிதாக வருகிறவர்கள் இதிலேயே விழுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். ஒரு உதாரணம் பாருங்கள். முத்துசாமியின் மகன் ராமசாமி, அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடி ராமசாமி. இரண்டு ராமசாமிக்கும் முதலெழுத்து ‘மு’தான். ஊரும் ஒன்று, தெருவும் ஒன்று, பல வீடுகளில் நிலமும் அதே நிலம். முதல் ராமசாமி 1850 வாக்கில் பிறந்தவர், இரண்டாமவர் 1905 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் பெயரிலும் இருக்கும் காகிதங்களை ஒரே ஆளின் காகிதங்களாக எடுத்துக்கொண்டால் நடுவிலிருக்கும் முத்துசாமி மறைந்துபோகிறார், இரண்டு ராமசாமிகளில் ஒருவரும் மறைந்துபோகிறார். அதோடு நிற்காது. முதல் ராமசாமியின் தம்பிகள் இரண்டாம் ராமசாமிக்குத் தம்பிகளாகிவிடுவார்கள். அவர்கள் வழி வந்த பங்காளிகள் அத்தனை பேரும் இரண்டு படி கீழே இறங்கிவிடுவார்கள். இந்த வரைபடத்தை நம்பி ஒருவர் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டால் வக்கீல் செலவும் வருஷங்களும் வீண்.

தமிழ் வருடக் கணக்கு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பதிவு செய்த பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். ஆனால் வீட்டில் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு (சொத்தைப் பங்கு பிரித்து எழுதும் சீட்டு), கைமாற்றுச் சீட்டு, ஜாதகம் ஆகியவற்றில் பெரும்பாலும் தமிழ் வருடப் பெயர்தான். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘விரோதி வருடம், மு. ராமசாமி’ என்று ஒரு கூர்ச்சீட்டு சொன்னால் அது 1889 ஆகவும் இருக்கலாம், 1949 ஆகவும் இருக்கலாம். முதலாண்டில் பெரிய ராமசாமிக்கு நாற்பதை ஒட்டிய வயது. இரண்டாம் ஆண்டில் பேரனுக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. பெயரும் அறுபதில் திரும்புகிறது, வருடமும் அறுபதில் திரும்புகிறது. அதனால்தான் தவறு கண்ணில் படுவதே இல்லை.

பிரித்தறிய வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் நம்பாமல், குறைந்தது இரண்டு பொருந்திய பிறகு ஆளை முடிவு செய்யுங்கள்.

முதலில் கிழமை. தமிழ் வருடம், மாதம், தேதியோடு கிழமையும் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அறுபது சூரிய ஆண்டு என்பது 21,915 அல்லது 21,916 நாள். ஏழால் வகுத்தால் மீதி 5 அல்லது 6. ஆகவே அதே தமிழ்த் தேதி அறுபது ஆண்டு கழித்து அதே கிழமையில் வரவே வராது. இரண்டு ஆண்டின் பஞ்சாங்கத்தையும் எடுத்துப் பார்த்தால் ஒன்று தானாகவே விழுந்துவிடும். ஜாதகமாக இருந்தால் நட்சத்திரமும் திதியும் கூடுதல் சாட்சி.

இரண்டாவது, முத்திரைத்தாள். தாளில் விக்டோரியா ராணியின் தலை அச்சாகியிருந்தால், அவர் 1901 வரை ஆண்டவர். அடுத்து ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, பிறகு ஆறாம் ஜார்ஜ். ஒரு எச்சரிக்கை: பழைய இருப்பு ஆட்சி மாறிய பின்னும் விற்பனையானது உண்டு. அதனால் அந்தத் தலை ‘இந்த ஆட்சி தொடங்கும் முன்னால் எழுதியது அல்ல’ என்பதை மட்டுமே சொல்லும்.

மூன்றாவது, பணமும் அளவும். அணாவில் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அன்றுதான் நூறு பைசாக் கணக்கு வந்தது. நிலம் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருந்தால் அது பிற்காலத்துக் காகிதம். குழி, மா, காணி மட்டும் பேசினால் அவசரப்படாதீர்கள். அந்தப் பேச்சு வழக்கு வெகுநாள் நீடித்தது.

நான்காவது, வயது. பல பத்திரங்களில் ‘வயது சுமார் 40’ என்று ஏதாவது இருக்கும். பத்திர வருடத்திலிருந்து கழித்துப் பிறந்த வருடத்தை ஒரு பட்டியலில் எழுதுங்கள். ஐந்தாறு வருட வித்தியாசம் சகஜம், ஏனென்றால் வயதை ஐந்து, பத்தாக முழுமையாக்கிச் சொல்வார்கள். பதினைந்தைத் தாண்டினால் இரண்டு ஆள் என்றே வைத்துக்கொண்டு மேலே தேடுங்கள்.

கடைசியாக, பெண்களின் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் இருக்கும். ஆனால் தாத்தாவின் மனைவி பெயரும் பேரனின் மனைவி பெயரும் ஒன்றாக இருப்பது அரிது. பத்திரத்தில் மனைவி, தாயார் பெயர் வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். ‘மைனர் முத்துசாமிக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்று தொடங்கும் ஒரு வரி மூன்று செய்தி தரும்: தாயின் பெயர், மகன் பதினெட்டு நிரம்பாதவன், தகப்பன் அநேகமாக அப்போது உயிரோடில்லை. ‘பிதுரார்ஜிதம்’ என்று எழுதியிருந்தால் நிலம் மேலிருந்து வந்தது; ‘சுயார்ஜிதம்’ என்றால் அந்த ஆள் தாமே சம்பாதித்தது. ஒரே சர்வே எண்ணுக்கு ஒரு பத்திரம் சுயார்ஜிதம் என்றும் இன்னொன்று பிதுரார்ஜிதம் என்றும் சொன்னால், அந்த இரண்டு ராமசாமியும் ஒருவர் அல்ல என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

தையையும் மாசியையும் முந்தைய ஆங்கில ஆண்டில் போடுவது

விரோதி வருடம் சித்திரை என்றால் 1949 ஏப்ரல். விரோதி தை என்றால் 1950 ஜனவரி. நிலவரிக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டுங்கள். பசலி ஜூலை 1-ல் தொடங்கும், ஆகவே பசலி 1334 என்பது 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. தெற்கத்திப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) வரும். அது ஆவணியில் பிறக்கும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டு முதல் 1925 ஆகஸ்டு வரை.

வில்லங்கம் போட்டால் போதும் என்று நினைப்பது

வில்லங்கச் சான்று சொத்தைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975-க்குப் பிந்திய பதிவுகள். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அங்கே சொத்துவாரி அட்டவணை ஒன்று, பெயர்வாரி அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது பெயர்வாரி அட்டவணை. முதல் புத்தகத்தில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை. மூன்றாம் புத்தகத்தில் உயில்கள். உயில் எழுதியவர் இறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நகல் மனுப் போடலாம். மகன், மகள், மருமகன், பேரன் என்று உறவைச் சொல்லி எழுதும் ஆவணம் உயில்தான். அதை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

மூத்தவர்களிடம் தவறாகக் கேட்பது

“உங்க தாத்தா பேரு முத்துசாமிதானே?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும். பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்.

மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அதே பெயரை மகனுக்கு வைத்துவிட்டு வீட்டில் பெரியதம்பி, ராசு, ஐயா என்று வேறு பெயரில் கூப்பிடுவாள். பாட்டிகள் சொல்லும் கதையில் வருவது இந்தக் கூப்பிடும் பெயர். காகிதத்தில் இருப்பது வைத்த பெயர். இரண்டையும் இரண்டு ஆளாக எழுதிவிடுகிறார்கள். பழைய பத்திரங்களில் ‘முத்துசாமி என்கிற பெரியதம்பி’ என்று வரும் இடம் கிடைத்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயர்களையும் விடாதீர்கள். ஒரே தெருவில் நாலு முத்துசாமி இருந்தபோது ஊர்க்காரர்கள் அவர்களைப் பிரித்தது பட்டப்பெயரை வைத்துத்தான்.

அப்பாவுடைய பெரியப்பா மகனும் ‘சித்தப்பா’தான். ஆகவே ஒருவரைச் சித்தப்பா என்று சொன்னதும் தாத்தாவுக்கு இன்னொரு மகன் என்று கோடு போடாதீர்கள். “அவரும் உங்க அப்பாவும் ஒரே தாய் வயிறா?” என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பங்காளி யார் என்று தெரிய வேண்டுமானால், “யார் வீட்டுச் சாவுக்கு நீங்க தீட்டுக் காத்தீங்க?” என்று கேளுங்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் கல்யாண மொய் நோட்டும் இதற்கு நல்ல துணை. மொய் நோட்டில் ஊர்ப் பெயரோடு ஆள் பெயர் இருக்கும்.

காலம் கேட்கும்போது வருட எண் கேட்பதில் பயனில்லை. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா என்று வீட்டில் பேச்சு இருந்ததா, தனுஷ்கோடிப் புயலின்போது அவர் இருந்தாரா என்று கேளுங்கள். முன்னது 1876-ல் தொடங்கியது, பின்னது 1964 டிசம்பர்.

ஒருவரை இரண்டு முறை எழுதுவது

அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் தாய்மாமனாகவும் மாமனாராகவும் இரண்டு இடத்தில் வருவார். கணினியில் இரண்டு பதிவு போட்டுவிட்டால் பிறகு தலைமுறை எண்ணிக்கையே குழம்பும். ஒரே பதிவு, இரண்டு கோடு.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதி

மே, ஜூன் மாதத் தேதியாக இருந்தால் நம்ப வேண்டாம். சேர்க்கும் அன்று தலைமை ஆசிரியர் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடுவது

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை அந்தப் பக்கத்து ஊர்களில் பல வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. கன்னியாகுமரி 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பல ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். ஆவணம் எழுதிய நாளில் ஊர் யார் ஆட்சியில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் இறங்கியது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911 வரை நடந்தது. அந்தப் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் உண்டு, ஆனால் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் உரக்க வாசியுங்கள். ஊர்ப் பெயர் அப்போதுதான் பிடிபடும். பெயரை வைத்துத் தேடாமல் கூலி எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரு கப்பலில் பத்து முனியம்மா இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான்.

லேமினேஷன்

செய்யாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம்.

முன்பக்கத்தை மட்டும் படமெடுப்பது

முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியும் வாங்கியவர் பெயரும், பதிவு செய்த புத்தகம், வால்யூம், பக்க எண்ணும், அடையாளம் காட்டிய சாட்சிகளும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் பங்காளியோ மைத்துனரோதான். இரண்டு பக்கத்தையும் எடுங்கள், சாட்சிப் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள்.