பசுமலை தாண்டியும் வழியாத டெய்லி மேக்கப்

திருமங்கலத்துல டவுன் பஸ் ஏறி நின்னுக்கிட்டே மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து எறங்குறவளுக்கு, அதுவும் சித்திரை மாச வெயில்ல, வீடியோல காட்டுற பதினஞ்சு ஐட்டம் மேக்கப் எல்லாம் சரிப்படாது, பசுமலை தாண்டுறதுக்குள்ள போட்டது பூரா கழுத்துக்கு எறங்கிரும். ரெண்டு வருசம் காச கரைச்சிட்டுத்தான் எனக்கே புரிஞ்சது, நம்ம ஊருல எவ்வளவு கொறைக்கிறோமோ அவ்வளவு நேரம் மொகத்துல நிக்கும். இப்ப மொத்தமே பத்து நிமிசம்தான், அதுலயும் பாதி நேரம் சன்ஸ்கிரீனுக்கே போயிரும்.

மொதல்ல அதச் சொல்லிர்றேன். மொகம் கழுவி லேசா ஈரம் இருக்கும்போதே ஜெல் மாதிரி இருக்க மாய்ஸ்சரைசர் கொஞ்சம், எண்ணெ வடியிற மொகம்னா வெயில் காலத்துல அதக்கூட விட்டுறலாம். அப்புறம் சன்ஸ்கிரீன், ஆள்காட்டி வெரலு நடுவெரலு ரெண்டுலயும் நீளத்துக்கு கோடு போட்டா எவ்வளவு வருமோ அவ்வளவு, மொகத்துக்கும் கழுத்துக்கும். நெறைய பேரு பட்டாணி அளவு தடவிட்டு எஸ்பிஎஃப் (வெயில்லருந்து எவ்வளவு காக்கும்னு டப்பாவுல போட்டுருக்க நம்பரு) 50 போட்டுருக்கேன்னு சொல்லுவாங்க, அது 50ஓட வேலைய செய்யாது. எஸ்பிஎஃப் 30, தோல சுடுற யூவிபி கதிர்ல 97 சதவீதம் தடுக்கும், 50 தடுக்குறது 98, அம்புட்டுத்தேன் வித்தியாசம், அதனால வெல கம்மியா இருக்க 30அ வாங்கி தாராளமா பூசுங்க. வெள்ள வெள்ளயா தெரியுதுன்னா அதுல ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டைஆக்ஸைடோ அதிகமா இருக்கும், நம்ம மாதிரி மாநிறத்துக்கும் கருப்புக்கும் கலர் கலந்த சன்ஸ்கிரீன்தான் நல்லது, அதுல இருக்க அயர்ன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், மங்கு (மொகத்துல கருந்திட்டு) இருக்கவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். இத பூசிட்டு தலைய பின்னி பூ வச்சிட்டு வாங்க, அதுக்குள்ள மொகத்துல உக்காந்துரும்.

கலர் சன்ஸ்கிரீன் போட்டாலே, மொகம் பூரா ஒரே கலரா காட்டுற பவுண்டேஷன் தேவப்படாது, இது என் அபிப்ராயம். வாங்கித்தான் ஆகணும்னா டியூப்லைட்டுக்கு அடியில வாங்காதீங்க. நான் மொத மொத வாங்குனது அப்படித்தான், கடையில கையில தடவி பாத்தாங்க, சூப்பரா இருக்குன்னாங்க, மறுநாள் போட்டுட்டு வெளிய வந்தா எங்க அப்பத்தா "என்னத்தா, மாவு மில்லுக்கா போயிட்டு வர்ற"ங்குது. தாடை ஓரத்துல ஒரு கோடு இழுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, ஒரு பத்து நிமிசம் பொறுத்தும் பாருங்க, சில பவுண்டேஷன் காத்து பட்டதும் ஒரு ஷேடு கருத்துரும். எந்தக் கோடு தோல்ல காணாம போகுதோ அதான் ஒங்க கலரு. இன்னொன்னு, வெள்ளிக்கெழம மஞ்சள் தேச்சு குளிச்சிட்டு ஷேடு பாக்க போகாதீங்க, மஞ்ச ஏறுன மொகத்துக்கு வாங்குனது திங்கக்கெழம பொருந்தாது.

கண்ணுக்கு கீழ கருவளையம் இருந்தா நேரா கன்சீலர் (கறைய மறைக்கிற தோல் கலர் கிரீம்) போட்டா சாம்பல் பூசுன மாதிரி ஆயிரும். அந்தக் கருப்புல ஒரு நீலம் ஓடும், நீலத்த அடக்குறது ஆரஞ்சு, அதான் ஆரஞ்சு கரெக்டர். நல்ல கருப்பு தோலுன்னா ஆரஞ்சு, கொஞ்சம் வெளுப்பு தோலுன்னா பீச் கலரு. ஒரு அரிசி அளவு எடுத்து கருப்பு இருக்க எடத்துல மட்டும் மோதிர வெரலால தட்டுங்க, தேய்க்காதீங்க, அதுக்கு மேல தோல் கலர் கன்சீலர் கொஞ்சூண்டு. பரு தழும்பு மேலயும் அதே கன்சீலரத்தேன் ஒத்தி விடுறது.

பவுடர் மூக்கு, நெத்தி, தாடை, கண்ணுக்கு அடியில மட்டும் போதும், கன்னத்துல வேணாம், அங்க கொஞ்சம் மினுமினுப்பு இருந்தாத்தான் தோல் தோலா தெரியும். மத்தியானம் வேர்த்துச்சுன்னா மொதல்ல கர்ச்சீப்ப வச்சு ஒத்தி எடுங்க, வேர்வைக்கு மேல பவுடர் அடிச்சா திட்டு திட்டா கெடக்கும்.

கண்மை இல்லாம எனக்கு ஆகாது, ஆனா பகல்ல கீழ் எமைக்குள்ள போட்டா சாப்பாட்டு நேரத்துக்குள்ள வழிஞ்சிரும், அதனால மேல் எமை ஓரத்துல மெலிசா ஒரு கோடு, அம்புட்டுத்தான். புருவத்துக்கு கருப்பு பென்சில் வேணாம், அடர் பிரவுன், காலியா இருக்க எடத்துல மட்டும். த்ரெட்டிங் பண்ணுன அன்னைக்கு அங்க புதுசா எதையும் தடவாதீங்க, எரியும். தங்கச்சி, மதினின்னு யாரா இருந்தாலும் கண்மைய மாத்தி மாத்தி போட வேணாம், ஒருத்தருக்கு கண்வலின்னா வீட்டுக்கே வந்துரும்.

லிப்ஸ்டிக்குக்கு கீழ் ஒதட்ட மடிச்சு உள் பக்கம் என்ன கலருன்னு பாருங்க, அதுலருந்து ஒரு ஷேடு அடர்த்தியா வாங்குங்க. பெரும்பாலும் பிரவுனும் ரோஸும் கலந்ததா வரும். அதையே வெரல்ல தொட்டு கன்னத்துல ரெண்டு பொட்டு வச்சு பரத்தி விட்டா பிளஷ் தனியா வாங்க வேணாம்.

பொட்டுக்கு வருவோம், இதான் யாரும் சொல்றதில்ல. சில ஸ்டிக்கர் பொட்டு பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால்னு ஒன்னு இருக்கும், ஒத்துக்காதவங்களுக்கு ஒரே எடத்துல தொடர்ந்து ஒட்டுனா அங்க தோல் வெளுத்துரும். அரிச்சாலோ லேசா வெளுத்தாலோ அன்னைக்கே நிப்பாட்டிட்டு தோல் டாக்டர பாருங்க, மேல கன்சீலர் போட்டு மறைச்சிட்டு மறுபடி ஒட்டாதீங்க.

ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் கழுவாம படுக்க வேணாம். கண்மைய எடுக்க தேங்கா எண்ணெ போதும், ஆனா பரு வர்ற மொகத்துக்கு மொகம் பூரா தேய்க்க ஆகாது, கண்ண மட்டும் தொடச்சிட்டு ஃபேஸ்வாஷ் போட்டு கழுவிருங்க. டப்பா பின்னாடி தொறந்த மூடி படத்துல 12எம்னு இருந்தா தொறந்து 12 மாசம்னு அர்த்தம், மஸ்காரா வச்சிருந்தா 3 மாசத்துல தூக்கி போட்டுருங்க. அப்புறம் எதையும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில வைக்காதீங்க, போன மே மாசம் மேலூர் ஒரு கல்யாணத்துக்கு போயிட்டு திரும்பி வந்து தொறந்து பாத்தா, அந்த வாரம்தான் வாங்குன லிப்ஸ்டிக், பை பூரா ரசம் கொட்டுன மாதிரி கெடக்கு.