குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் "பயப்படாதீங்க" என்று சொல்வதைப் போல வீண் அறிவுரை வேறில்லை. வாய் திறந்து சொல்லத் தெரியாத ஓர் உயிரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வைப்பதே அந்தப் பயம்தான். அளவோடு இருக்கும்வரை அது நல்லது. ஆனால் பயத்தைத் தணிக்க நாம் செய்யும் காரியங்களில் பல அதற்கே தீனி போடுகின்றன. எல்லாமே பாசத்தில் செய்பவை என்பதால், தவறு என்று லேசில் தெரிவதும் இல்லை.

தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பது

காய்ச்சலில் இருந்து தொடங்கலாம். 1980-இல் பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பெற்றோரின் இந்தப் பதற்றத்துக்குக் 'காய்ச்சல் பீதி' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். மிதமான காய்ச்சல்கூட மூளையைப் பாதித்துவிடும் என்று பல பெற்றோர் நம்புவதை அவர் கண்டார். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த நம்பிக்கை அசையவில்லை.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல். கிருமியை எதிர்க்க உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடு அது. சாதாரணத் தொற்றில் வரும் 102, 103 மூளையைக் கெடுப்பதில்லை. வெயிலில் பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு ஏறும் சூடு வேறு விஷயம். அங்கே உடம்பின் கட்டுப்பாடே கைவிட்டுப் போகிறது.

103 காட்டினாலும் மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து பொம்மையைத் தேடும் குழந்தை ஒருபக்கம். 100.5தான் காட்டுகிறது, ஆனால் கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை மறுபக்கம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டியது இரண்டாவது குழந்தைக்கு. அரை மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டிருப்பவர் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார். ஒரே ஒரு விதிவிலக்கு: மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தாலே, எப்படி இருந்தாலும், ராத்திரியானாலும் சரி, உடனே காட்டிவிட வேண்டும்.

காய்ச்சல் வலிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பீதியின் அடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு இது வரலாம். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் சில நிமிடங்களில் நிற்கும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளைக்குச் சேதம் செய்வதில்லை. காய்ச்சல் மருந்தைத் தவறாமல் கொடுத்தால் வலிப்பைத் தடுத்துவிடலாம் என்பதும் உண்மையில்லை. எனவே தூங்குகிற குழந்தையை எழுப்பி சிரப் புகட்டத் தேவையில்லை. வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். முன்பே நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

திரும்பத் திரும்பச் சோதிப்பது

என்னைக் கேட்டால், எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான்.

மூக்கின் அருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது. கழுத்தில் தட்டுப்பட்ட சின்ன நெறிக்கட்டியைக் காலையும் மாலையும் அமுக்கிப் பார்ப்பது. டயபரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பது. பார்த்ததும் "அப்பாடா" என்று இருக்கிறது. அந்த நிம்மதி பத்து நிமிடம் நிற்கும், அப்புறம் "இப்போது சரியாக இருக்கிறதா?" என்று அதே கேள்வி. ஒவ்வொரு தடவை பார்த்து நிம்மதி அடையும்போதும், "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. பார்க்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

சோதனையே புதுப் பயத்தைக் கிளப்புவதும் உண்டு. பிறந்த குழந்தையின் மூச்சு சீராக வராது. ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு வேகவேகமாக இழுக்கும். அது இயல்பு. விரலை வைத்த நேரம் பார்த்து அந்த இடைவெளி வந்தால், வைத்தவருக்கு உயிர் போய்விடும். (20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ அது அவசரம்.) நெறிக்கட்டியும் அப்படியே. அடிக்கடி சளி பிடிக்கும் வயதில் பட்டாணி அளவில் அசைந்து கொடுக்கும் கட்டிகள் கழுத்தில் தட்டுப்படுவது சகஜம். தினமும் அமுக்கினால் அந்த இடம் நோகும், "நேற்றைவிடப் பெரிதோ?" என்று தோன்றும். ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, "மறுபடி எப்போது பார்க்கணும், எவ்வளவு பெரிதானால் வரணும்?" என்று கேட்டுக்கொண்டு, அதுவரை கையை எடுத்துவிடுவதுதான் வழி.

ஒரேயடியாக நிறுத்துவது யாராலும் முடியாது. ராத்திரி ஆறு தடவை எழுகிறவர் இந்த வாரம் நான்காகக் குறைக்கலாம். எழத் தோன்றும்போது பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம். அந்தப் பதினைந்து நிமிடம் மோசமாகத்தான் இருக்கும். பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், நாம் ஒன்றும் செய்யாமலே தானாக இறங்குவதை ஒருமுறை அனுபவித்தவருக்கு அடுத்த முறை கொஞ்சம் சுலபம்.

இன்னொன்று. பத்துத் தடவை சோதிப்பதைவிட, படுக்கையை ஒருமுறை சரியாக அமைப்பது உண்மையிலேயே காப்பாற்றும். ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. 1990-களில் பல நாடுகள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதி அளவுக்குக் குறைந்தன. காலில் மாட்டிவிடும் ஆக்சிஜன் மானிட்டர்களுக்கு அப்படி ஒரு பெருமை கிடையாது. அந்த மரணங்களைத் தடுக்க வீட்டு மானிட்டர்களை நம்ப வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. பொய் அலாரம் அடித்து மிச்சமிருக்கும் தூக்கத்தையும் கெடுக்கும், அவ்வளவுதான்.

நடுராத்திரியில் கூகுள்

தேடுபொறிக்கு உங்கள் குழந்தையைத் தெரியாது. 'குழந்தை உடம்பில் சிவப்புப் புள்ளி' என்று தேடினால், தானாகப் போகும் தடிப்பும் உயிரைப் பறிக்கும் நோயும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில் வரும். ஆயிரத்தில் எத்தனை பேருக்கு எது என்று அது சொல்லாது. பயந்த கண், பயங்கரமான வரியில்தான் போய் நிற்கும்.

அதற்குப் பதில், பகலில், மனம் தெளிவாக இருக்கும்போது, எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லும் பொதுவான அபாய அறிகுறிகள் நான்கே: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாதது, உள்ளே போனதையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, மயக்கம் அல்லது எழுப்ப முடியாத அசதி. இவற்றோடு விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கும் மூச்சுத்திணறல், நீலம் பாரித்த உதடு, பச்சை நிற வாந்தி, வெகுநேரமாகச் சிறுநீர் போகாதது, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மூச்சு வேகத்தை அழாத நேரத்தில் முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு எடை பார்ப்பது

வளர்ச்சி அட்டையில் 15 என்ற கோட்டில் குழந்தை இருந்தால், ஏதோ பரீட்சையில் 15 மார்க் வாங்கியது போலப் பலர் முகம் வாடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அந்த அட்டை, ஆறு நாடுகளில் நன்றாக வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. நல்ல ஆரோக்கியமான 100 குழந்தைகளை எடை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால் உங்கள் குழந்தை 15-ஆவது என்பதுதான் பொருள். யாராவது ஒருவர் அங்கே நிற்கத்தானே வேண்டும்! டாக்டர் பார்ப்பது, குழந்தை தன் கோட்டை ஒட்டியே போகிறதா, சறுக்குகிறதா என்பதை. அதேபோல, முதல் வருடத்தில் மூன்று மடங்காகும் எடை, இரண்டாம் வருடத்தில் சுமார் இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். அதை நோய் என்று எண்ணி வாயில் திணிப்பது சாப்பாட்டு நேரத்தையே போர்க்களம் ஆக்கிவிடும்.

"மாதா மாதம் சளி பிடிக்குதே, எதிர்ப்புச் சக்தி இல்லையோ?" என்பதும் இதே ரகம்தான். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுச் சளி வருவது இயல்பு. பிற குழந்தைகளோடு பழகத் தொடங்கினால் இன்னும் கூடும். ஒவ்வொன்றும் பத்து, பதினான்கு நாள் இழுக்கும். கணக்குப் போட்டால், 'எப்பவும் சளிதான்' என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

பயத்துக்கு மருந்து கொடுப்பது

வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. "எதற்கும் இருக்கட்டுமே" என்று டாக்டரை நச்சரித்து வாங்கினால் வயிற்றுப்போக்கும் தடிப்பும்தான் மிச்சம். இரண்டு நாளில் சரியாகவில்லை என்று வேறு டாக்டரிடம் போனால், அவர் பார்ப்பதும் அதே மூன்றாம் நாள் சளியைத்தான். மருந்துச் சீட்டு மட்டும் இரண்டாகும்.

டோஸில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்து. கைக்குழந்தைக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து சிலவற்றில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பல சிரப்களில் ஐந்து மில்லிக்கே 120 அல்லது 125தான். பாட்டிலை மாற்றி எடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதிவையுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், உடன் வரும் அளவுக் குழாய் போதும். கொடுத்த நேரத்தையும் குறித்துவைத்தால், "நீங்க கொடுத்தீங்களா, நான் கொடுக்கவா?" என்ற குழப்பத்தில் இரண்டு முறை கொடுப்பது நடக்காது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

முகத்தில் காட்டுவது

1985-இல் ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. கண்ணாடி மூடிய, பார்க்கப் பள்ளம்போல் தெரியும் மேசையின் இந்தப் பக்கம் ஒரு வயதுக் குழந்தை, அந்தப் பக்கம் அம்மா. அம்மா சிரித்தபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. விழுந்த குழந்தை அழுவதற்கு முன் உங்கள் முகத்தை ஒரு கணம் பார்ப்பது இதனால்தான். நடிக்கத் தேவையில்லை. "ஐயோ" என்று அலறாமல், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் "எங்கே, பார்க்கலாம்" என்றால் போதும். பேசத் தெரிந்த குழந்தையிடம் "வயிறு வலிக்குதா? இன்னும் வலிக்குதா?" என்று மணிக்கு மணி கேட்டால், வலி இல்லாத வயிறும் வலிக்கத் தொடங்கும்.

"சிரிப்பார்களே" என்று போகாமல் இருப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. நாலு பேர் "நீ ரொம்பப் பயப்படறே" என்று சொன்ன பிறகு, போக வேண்டிய நேரத்திலும் தயங்குவது. "இவன் வழக்கம்போல் இல்லை" என்று பெற்றோர் சொல்வதை நல்ல டாக்டர் தகவலாகத்தான் எடுத்துக்கொள்வார். போகும்போது எப்போது தொடங்கியது, எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். வரும்போது "எதைப் பார்த்தால் திரும்பி வரணும்?" என்று கேட்காமல் வராதீர்கள்.

பழைய நோயை விடாமல் பிடித்திருப்பது

குறைமாதத்தில் பிறந்தோ, பெரிய நோயில் கிடந்தோ பிழைத்த குழந்தையின் பெற்றோருக்கு, அது நன்றாகத் தேறிய பின்னும் 'இது போய்விடக்கூடிய குழந்தை' என்ற எண்ணம் போவதில்லை. 1964-இல் மோரிஸ் கிரீன், ஆல்பர்ட் சோல்னிட் என்ற இரு மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். அப்படி வளரும் குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரியப் பயப்படுவதையும், உடம்பைப் பற்றியே கவலைப்படுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். இந்தப் பெற்றோர் டாக்டரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இனி மற்றக் குழந்தைகளைப் போலவே நடத்தலாமா, எதில் மட்டும் கவனம் வேண்டும்?"

தன் நிலையை மறைப்பது

குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது "கைநழுவி விழுந்துவிட்டால்?" என்று ஒரு காட்சி மனத்தில் மின்னுவது புதுப் பெற்றோரில் மிகப் பலருக்கும் நடப்பது. வந்ததைக் கண்டு அருவருப்பும் பயமும் வருகிறதென்றால், செய்ய விரும்பவில்லை என்றே அர்த்தம். வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பூட்டி வைப்பதால்தான் அது பூதாகரமாகிறது. குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை உண்டாவது, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிட வேண்டும் என்று தோன்றுவது வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை அவை.

குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, துணையிடமோ வீட்டுப் பெரியவரிடமோ ஒரு மணி நேரம்கூடக் குழந்தையை விட முடியவில்லை, இப்படியே இரண்டு வாரம் போகிறதென்றால் அதுவும் சிகிச்சைக்குரியதுதான். பிரசவத்துக்குப் பின் மனநிலையை அறிய 1987 முதல் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். காரணமில்லாத பதற்றமும் பயமும் அதில் இடம்பெறுகின்றன. அப்பாக்களுக்கும் இது வரும், அவர்கள் பெரும்பாலும் எரிச்சலாகக் காட்டுவார்கள். சிந்தனைக்கும் நடத்தைக்குமான சிகிச்சையில், மேலே சொன்ன சோதிக்கும் பழக்கத்தைத்தான் ஆலோசகர் கூட இருந்து படிப்படியாகக் குறைக்க வைப்பார். தேவைப்பட்டால், பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. முதல்முறை போகும்போது மூன்று விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள்: ஒரு நாளில் எத்தனை முறை சோதிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், பயத்தால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். அங்கே போய் அழுகை முட்டி வாய் வராவிட்டால் தாளை நீட்டிவிடலாம்.