நட்சத்திரங்களைச் சுற்றி வந்த மெஜந்தா வளையம்

விண்வெளியில் ஒளிரும் வாயு மேகமான ரோசெட் நெபுலாவை, குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும் நேரோபேண்ட் ஃபில்டர்களில் படம் எடுத்து, ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களின் பாணியில் கந்தகத்தைச் சிவப்புக்கும் ஹைட்ரஜனைப் பச்சைக்கும் ஆக்சிஜனை நீலத்துக்கும் கொடுத்தேன். நெபுலா அருமை, ஆனால் நட்சத்திரங்களைச் சுற்றி மெஜந்தா வளையம். 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி பலமானது, லேசாக ஸ்ட்ரெட்ச் செய்தாலே, அதாவது மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கினாலே, போதும். கந்தகமும் 500.7 நானோமீட்டர் ஆக்சிஜனும் மங்கல். அவற்றை அதிகமாக ஸ்ட்ரெட்ச் செய்யும்போது அந்தச் சிவப்பு, நீலச் சேனல்களில் நட்சத்திரங்களும் ஊதிவிடுகின்றன. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் மெஜந்தாதானே!

ஸ்டார்நெட் என்ற மென்பொருளில் நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்தேன். அந்தப் படத்தை மட்டும் நெகட்டிவாக மாற்றினால் மெஜந்தா பச்சையாகிவிடும். வானியல் படங்களுக்கான பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் உள்ள எஸ்சிஎன்ஆர் என்ற கருவியைக் கொண்டு பச்சையை நீக்கி, மறுபடி பாசிட்டிவாக்கினேன். வளையம் போயே போச்சு. அப்புறம் இரண்டு படங்களின் ஒளியையும் ஒன்றாக்கும் ஸ்க்ரீன் முறையில் நெபுலாவோடு சேர்த்தேன். முழுப் படத்திலும் இதைச் செய்ய வேண்டாம், நெபுலாவின் நிறமும் மாறக்கூடும்.